ஹிதே வேறு, ஹைதோ வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய ராக் இசை குறித்து வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த இசைக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. அவருக்கு என் நன்றி. ஆயினும் அதில் ஒரு பெரும்பிழை இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து, இந்த இசை பற்றி நான் தமிழில் நடத்தும் இணையதளத்திலிருந்து வந்தது. அதனால்தான் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

எக்ஸ் ஜப்பான் குழுவின் கிதார் கலைஞர் 1998 மே 2ஆம் நாள் தமது 33ஆம் வயதில் காலமானதையும், டோக்கியோவின் த்சுக்கிஜி ஹொங்கன்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டதையும் கட்டுரை உருக்கமாகச் சொல்கிறது. அங்கே அவர் பெயர் ‘ஹைட்’ என்று அச்சாகியிருக்கிறது. நான்கு பத்திகள் தள்ளி, 2012 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தனி நிகழ்ச்சி நடத்திய முதல் ஜப்பானியக் குழுவான லார்க்-ஆன்-சியேலின் பாடகரைப் பற்றி வருகிறது. அவர் பெயரும் ‘ஹைட்’ என்றே இருக்கிறது. 1998இல் இறந்தவர் 2012இல் எவ்வாறு பாடினார் என்று விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எனக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தார். அவர் கேட்டதில் தவறில்லை. அச்சில் உள்ளபடி படித்தால் அப்படித்தான் பொருள் வரும்.

முன்னவர் ஹிதே. பின்னவர் ஹைதோ. ரோமன் எழுத்தில் முதற்பெயர் எச், ஐ, டி, இ என்னும் நான்கெழுத்து. அடுத்தது எச், ஒய், டி, இ. ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு இரண்டும் ‘ஹைட்’ என்றே ஒலிக்கும். ஜப்பானியரோ தம் எழுத்தில் முதற்பெயரை ‘ஹி’, ‘தே’ என இரண்டே எழுத்துகளிலும், அடுத்ததை ‘ஹ’, ‘இ’, ‘தோ’ என மூன்று எழுத்துகளிலும் எழுதுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தைகூட இவ்விரண்டையும் மாற்றிப் படிக்க வழியில்லை. குழப்பத்தை வளர்ப்பதுபோல் இருவருக்கும் இயற்பெயர் ஒன்றாகவே அமைந்துவிட்டது: ஹிதெத்தோ. முன்னவர் மத்சுமொத்தோ ஹிதெத்தோ. பின்னவர் தக்கராய் ஹிதெத்தோ. (நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைப்பதுபோல அவர்கள் குடும்பப் பெயரை முன்னே வைக்கின்றனர், ஆங்கில நூல்கள் அதைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன.) ஒரே இயற்பெயரிலிருந்து இருவர் இருவேறு மேடைப்பெயர்களை அமைத்துக்கொண்டனர். அந்த வேறுபாட்டை நாம் எழுத்தில் காக்காவிட்டால் இருவரில் ஒருவர் நம் மொழியில் இல்லாமலே போய்விடுகிறார்.

இந்தப் பிழை என்னிடம் எவ்வாறு பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் பணியில் இருக்கிறேன். திருமண அழைப்பிதழ் முதல் குடமுழுக்கு மலர் வரை நாள் முழுவதும் பிறர் எழுதியதில் பிழை தேடுவதே என் வேலை. 2008இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில், பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பியிருந்த ஒருவரிடம் ஒரு குறுந்தகட்டை 30 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் பெட்டியின் ஓரத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருந்தது. பழைய சாமானில் ஒட்டிய காகிதம் என்று எண்ணிக் கடைக்காரர் அதைக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்து, அப்படியே வாங்கி வந்தேன். கிமோனோவின் மேல் கட்டும் இடைக்கச்சைக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஒபி’ என்ற பெயரே இந்தப் பட்டைக்கும் பெயர் என்று பின்னாளில் அறிந்தேன். இன்றும் அது கிழியாமல் என்னிடம் இருக்கிறது.

எக்ஸ் ஜப்பான் 1993இல் வெளியிட்ட அந்தத் தட்டில் இருந்தது ஒரே ஒரு பாட்டு. அதன் நீளம் 29 நிமிடம். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அன்றிரவு அதைக் கேட்டேன். பாட்டின் நடுவே மற்ற கருவிகள் எல்லாம் நின்றுபோய், நெடுநேரம் பியானோ மட்டும் தனித்து ஒலிக்கிறது. மெல்லத் தொடங்கி, கை தடுமாறுவதுபோலச் சிதறி, வேண்டுமென்றே இசையை உடைத்துக்கொண்டு போய், மீண்டும் அனைவரும் சேரும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்கள் யார் என்று அறியத் தமிழில் ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை. மறு ஆண்டு இணையதளத்தைத் தொடங்கினேன்.

தமிழும் ஜப்பானிய எழுத்தும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்க முடிந்தது அப்போது எனக்குப் பெருவியப்பாக இருந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் அது நடவாத காரியம். தமிழுக்கு டிஸ்கி, டாம், டாப் என்றும் ஜப்பானிய மொழிக்கு ஷிஃப்ட்-ஜிஸ் என்றும் இருந்த குறியேற்றங்கள் ஒரே எண்ணுக்கு வெவ்வேறு எழுத்துகளைக் கொடுத்திருந்ததால், ஒன்று சரியாகத் தெரிந்தால் மற்றது குப்பைக் குறிகளாகத் தெரியும். ஜப்பானியர் அதற்கு ‘மொஜிபக்கே’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கின்றனர். அந்தத் துன்பம் நீங்கிய காலத்தில் தளத்தைத் தொடங்கியும், ஜப்பானிய எழுத்துகளை நான் பக்கத்தின் தலைப்பில் அழகுக்காக எடுத்து ஒட்டினேனே தவிர, அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பெயர்களை ரோமன் எழுத்தில் பார்த்து, ஆங்கிலம்போல் வாசித்து, தமிழில் எழுதினேன். ஹிதே ‘ஹைட்’ ஆனது அப்படித்தான். தலைப்பில் சரியான இரண்டு எழுத்துகளும் கீழே தவறான தமிழும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டவள் செய்யக்கூடாத பிழை இது.

2011 டிசம்பரில் யோகோஹாமாவில் பணிபுரியும் தமிழர் ஒருவர் எழுதினார். “நீங்கள் எழுதியிருக்கும் ‘ஹைட்’ யார்? இங்கே அப்படிச் சொன்னால் வேறொருவரைக் காட்டுகிறார்களே” என்பது அவர் கேள்வி. ஜப்பானிய எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதிரே தமிழ் எழுத்தை வைத்து விளக்கியிருந்தார். தளத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் அவ்வாறே சரிபார்க்கத் தொடங்கினேன். பாதியில் இருந்தபோது, டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் வரவில்லை. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறுந்தகட்டுக் கையேடுகளை விரித்து வைத்துப் பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்தேன். தளத்தில் ஏற்றியது ஜனவரி இரண்டாம் வாரத்தில்.

அதற்குள் ஒரு மாத இதழின் ஜனவரி வெளியீடு கடைகளுக்கு வந்துவிட்டது. என் பழைய பக்கம் வரிக்கு வரி அதில் அச்சாகியிருந்தது. என் பெயரோ தளத்தின் பெயரோ இல்லை. அது எனக்கு வருத்தம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், திருத்திய பெயரைச் சுட்டி நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதிலோ திருத்தமோ வராதது. அச்சிலேறிய பிழை அங்கிருந்து வேறு கட்டுரைகளுக்குப் போயிற்று. தங்கள் கட்டுரையாளரிடம் அது எவ்வழியே வந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. ஒப்பனையும் விரித்த சிகையும் பகட்டான உடையுமாக மேடையேறும் குழுக்களை ஜப்பானில் ‘விஷுவல் கே’ என்பர். ‘கே’ என்றால் வகை, வழி. 2009இல் நான் அதற்குக் ‘கட்புல ராக்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினேன். ‘கே’ என்பதன் பொருள் அதில் இல்லையென்று உணர்ந்து 2012இல் நானே அதைக் கைவிட்டேன். தங்கள் கட்டுரையின் இடைத்தலைப்பில் ‘கட்புல ராக்’ என்று கண்டதும் என் பழைய கையெழுத்தையே பார்த்ததுபோல் இருந்தது. கட்டுரையாளரை நான் குறைகூறவில்லை. அவர் அச்சில் இருந்ததை நம்பினார்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால், புதுச்சேரிக்காரர் எவருக்கும் விடை தெரியும். கடற்கரைக்கு இணையாகச் செல்லும் எங்கள் தெரு ஒன்றை, கையில் வரைபடத்தோடு வரும் சுற்றுலாப் பயணி ‘டூமாஸ்’ என்று கேட்பார். ஆட்டோ ஓட்டுநர் ஒரு நொடி யோசித்து, “துய்மா வீதியா?” என்று திருப்பிக் கேட்பார். லப்போர்த் வீதி, சுய்ப்ரேன் வீதி எல்லாம் அப்படியே. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்ட நகராட்சிக் கட்டடம் எங்களுக்கு ‘மேரி’. ஊராட்சிகளின் தொகுதி ‘கொம்யூன்’. பத்திரம் பதிபவர் ‘நொத்தேர்’. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ‘சொல்தா’. இவற்றை எழுதிவைத்த தமிழர் பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து கேட்டு எழுதினர். நடுவில் ஆங்கிலம் நிற்கவில்லை. காதால் கேட்டுத் தமிழெழுத்தில் பொருத்திய அப்பெயர்கள் தலைமுறைகள் கடந்தும் பிசகாமல் இருக்கின்றன. ஜப்பானியப் பெயர்களுக்கும் இவ்வழியே போதும் என்பது என் கருத்து.

சொல்தா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு பெரியவர் குடியிருந்தார். இன்று அவர் இல்லை. ஒருநாள் நான் திண்ணையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்து, “இதென்னம்மா, வானவில்லுன்னு பேரு வெச்சிருக்காங்க?” என்றார். 1991இல் ஒசாகாவில் தோன்றிய, ஹைதோ பாடும் அந்தக் குழுவின் பெயர் பிரெஞ்சு என்பதே அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலம்போல் படித்து, ‘எல் ஆர்க்’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் மூக்கொலியோடு மூன்று முறை சொல்லிக் காட்டினார். லார்க்-ஆன்-சியேல் என்று எழுதியது அன்றிலிருந்துதான். ஜப்பானியர் இதை ‘ரருக்கு அன் ஷியெரு’ என்பர். அவ்வாறே எழுத வேண்டும் என்று வாதிட்ட வாசகரும் உண்டு. ஆனால் குழுவினர் பிரெஞ்சுச் சொல்லைத் தேர்ந்து, பிரெஞ்சு எழுத்திலேயே எழுதுகின்றனர். அதைப் பிரெஞ்சு ஒலியிலேயே சொல்லத் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு வேறுவிதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பானிய ஒலிகள் நம் எழுத்துக்கு அந்நியமானவை அல்ல. அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து உயிரும் அவர்களுக்கு உண்டு. குறில் நெடில் வேறுபாடு உண்டு. இரட்டித்த மெய்யும் உண்டு. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றாய்க் கலந்துபோவதால், எக்ஸ் ஜப்பானின் தலைவர் தமிழில் ‘யோஷிகி’ என்று நெடிலோடு எழுதப்படுகிறார். அவர் பெயரின் முதலெழுத்து குறில், யொஷிக்கி. அவரோடு 1982இல் சிபா மாநிலத்தில் குழுவைத் தொடங்கிய பள்ளித் தோழரை ‘டோஷி’ என்கிறோம். ஜப்பானியரின் தகரம் நம் தகரத்தைப்போல் பல்லில் நாப்பட்டு ஒலிப்பது, ஆகவே தொஷி. நாவை வளைத்து ஒலிக்கும் நம் டகரம் ஜப்பானியருக்கு இல்லவே இல்லை. ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகிய நாமே அதை அவர்கள்மேல் ஏற்றுகிறோம். சிக்கலான இடங்களும் இருக்கின்றன. சொல்லின் நடுவே தனிக் ககரம் வந்தால் நம் வாய் அதை மெலித்துவிடும். வல்லோசை வேண்டி இரட்டித்தால், உண்மையில் இரட்டித்து வரும் ஜப்பானியச் சொற்களோடு அது கலந்துவிடும். இதற்கு முழுத்தீர்வு கிடையாது. வல்லோசையைக் காப்பதே முதன்மை என்று கொண்டு இரட்டித்தே எழுதிவருகிறேன். குற்றெகரமும் குற்றொகரமும் சொல்லின் இறுதியில் நிற்பது தமிழ் மரபில் இல்லையாதலால் அங்கே மட்டும் நெடிலாக்குகிறேன். ஹிதெத்தோவின் நடுவிலுள்ள ‘தெ’ குறிலாகவும் ஹிதே என்பதன் இறுதி ‘தே’ நெடிலாகவும் இருப்பதன் காரணம் அதுவே. டோக்கியோ, ஒசாகா, யோகோஹாமா போல நம்மிடையே ஊன்றிவிட்ட பெயர்களை நான் தொடுவதில்லை.

ஊன்றிவிட்ட சொல் என்றால் அதில் முதலிடம் சுனாமிக்குத்தான். ஜப்பானியர் வாயில் அது ‘த்சுனமி’. நடுவில் நெடில் இல்லை. 1978 முதல் இசைத்தட்டு வெளியிட்டுவரும் சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் என்னும் குழு, 2000 ஜனவரியில் அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஒரு பாட்டை வெளியிட்டது. அது காதல் பாட்டு. மனத்தில் எழும் ஏக்கத்தைப் பேரலையாகச் சொல்வது. 29 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்நாட்டின் வடகிழக்குக் கரையை அழித்தபின், வானொலிகள் அதை ஒலிபரப்பத் தயங்கின. குழுவினரும் மேடையில் பாடுவதைத் தவிர்த்தனர். இந்தப் பாட்டுக்குரிய பக்கத்தை எழுதும்போது, என் முறைப்படி ‘த்சுனமி’ என்று தலைப்பிட்டேன். சில நாள்களில் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் எழுதினார். 2004 டிசம்பர் 26 அன்று தங்கையை இழந்தவர். “அக்கா, அந்தப் பேரை மட்டும் எங்களுக்குத் தெரிந்த மாதிரியே எழுதுங்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு எழுத்து கிடையாது” என்று இரண்டே வரி. அன்றே மாற்றினேன். பேரலையில் சிதைந்த ஒனகவா என்னும் சிற்றூரில் மக்கள் தங்களுக்காக நடத்திய பேரிடர் வானொலி, 2016 மார்ச்சில் தன் பணியை நிறைவு செய்தபோது இறுதியாக ஒலிபரப்பியது இந்தப் பாட்டைத்தான் என்ற செய்தியை அவருக்குத் தெரிவித்தேன். அவர் பதில் எழுதவில்லை. சுனாமி என்ற சொல்லில் நெடில் இருப்பது பிழையென்று இனி ஒருநாளும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஹிதேயின் பெயர் அவ்வாறு ஊரார் நெஞ்சில் ஊன்றிய சொல் ஆகிவிடவில்லை. அதை இன்றும் திருத்தலாம்.

எதிர்த்திசையில் ஜப்பானியர் நம் பெயர்களை எவ்வாறு எழுதினர் என்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ரஜினிகாந்தின் ‘முத்து’ திரைப்படம் மாதக்கணக்கில் ஓடியது. ரஜினிகாந்த் என்பதை ரோமன் எழுத்தில் எழுதினால் அதில் நெடில் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஜப்பானியர் அதைத் தம் எழுத்தில் எழுதும்போது ‘கா’வின் பக்கத்தில் நெடிற்கோடு இட்டே எழுதுகின்றனர். ‘முத்து’ என்பதில் வரும் ‘து’ அவர்கள் எழுத்து வரிசையில் இல்லை. வழக்கமான எழுத்தைப் போட்டால் அது ‘முத்சு’ ஆகிவிடும். அதனால் ‘தோ’வுக்கு அருகே சிறிய உகரம் ஒன்றைச் சேர்த்து அந்த ஒலியை உண்டாக்கினர். ஒரு தமிழ்ப் பெயர் கெடக்கூடாது என்று அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை இது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்ற ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமுவின் கொள்கையை இங்கே யாரும் இழுக்க வேண்டியதில்லை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாமலே ஒருவர் பெயரை மற்றவர் ஒழுங்காக எழுதலாம்.

ராக் இசையை அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றிலும் இந்தக் கவனத்தைக் காண்கிறேன். 1970களின் தொடக்கத்தில், ராக் இசைக்கு ஜப்பானிய மொழி பொருந்துமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று அங்கே இதழ்களில் கடும் வாதம் நடந்தது. ஆங்கிலத்தின் பக்கம் ராக் பாடகர் உச்சிதா யூயா நின்றார். எதிர்ப்பக்கத்தில் இசைக்கலைஞர் ஹொசொனோவும், ஹிதேயின் குடும்பப் பெயரே கொண்ட மற்றொரு மத்சுமொத்தோவும் இருந்த குழு, தங்கள் மொழியிலேயே பாடி 1970இலும் 1971இலும் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. குழுவின் பெயர் ஆங்கிலச் சொல்: ‘ஹப்பீ எந்தோ’, அதாவது மங்கல முடிவு. அயற்சொற்களுக்கென்றே அவர்களிடம் தனி எழுத்து வரிசை இருக்க, இவர்கள் அதை விட்டுத் தாய்மொழிச் சொற்களுக்குரிய எழுத்தில் அப்பெயரை எழுதினர். பின்னாளில் வந்த ராக் குழுக்களுக்குத் தாய்மொழியில் பாடுவது இயல்பாகிவிட்டது.

சிலர் என்னிடம், ரசிகர் நடத்தும் ஒரு தளத்தில் ஓர் எழுத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கின்றனர். பாடல் வரிகளை நான் தளத்தில் இடுவதில்லை. அவை உரிமையுடையவை, ஜப்பானில் பதிப்புரிமைக் காலமும் 2018 டிசம்பர் 30 முதல் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டிருக்கிறது. புகைப்படங்களும் அப்படியே. ஆகவே என் தளத்தில் இருப்பவை பெயர், நாள், ஊர், யார் எந்தக் கருவியை வாசித்தார் என்னும் செய்திகள், அவற்றோடு நான் கேட்டதைப் பற்றிய என் சொற்கள். பெயரும் பிழையானால் அங்கே படிக்க என்ன மிஞ்சும்?

இன்னொரு காரணமும் உண்டு. நான் தொடங்கிய காலத்தில், ஜப்பானிய ரசிகர்கள் இலவச இடங்களில் நடத்திய சிறுசிறு பக்கங்களே எனக்கு ஆதாரம். எந்த ஊர் மேடையில் எந்தப் பாட்டுக்குப்பின் எந்தப் பாட்டு வந்தது என்பதைக்கூட நேரில் பார்த்துவிட்டு வந்து அன்றிரவே எழுதி வைத்திருப்பர். அத்தகைய இலவச இடம் தந்த யாகூவின் ஜியோசிட்டீஸ் அமெரிக்காவில் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஜப்பானில் 2019 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. நான் குறித்து வைத்திருந்த இணைப்புகளைக் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ‘இருபது ஆண்டு வந்து போனவர்களுக்கு நன்றி’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவைத்திருந்தவர்கள் பலர். ஏப்ரல் முதல் நாள் அந்த முகவரிகளில் ஒன்றும் இல்லை. மூலம் மறைந்தபின் நகல்தான் நிற்கும். நகல் தவறாயிருந்தால், ஒப்பிட்டுத் திருத்த யாரிடமும் எதுவும் இராது. இதனால்தான் என் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய நாளையும், என்ன திருத்தினேன் என்பதையும் எழுதுகிறேன். எடுத்தாள விரும்புவோர் தாராளமாக எடுத்தாளலாம். அந்த நாளைப் பார்த்துவிட்டு எடுத்தாளும்படி மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

ஜப்பானியக் கலை ஒன்றைத் தமிழர்க்கு ஒரு நாளிதழ் வழியாகவே அறிமுகம் செய்த பெருமை எங்கள் ஊருக்கு உண்டு. புதுச்சேரியில் வாழ்ந்தபோது பாரதியார், 1916 அக்டோபர் 16ஆம் நாள் ‘சுதேசமித்திர’னில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். கல்கத்தாவின் ஆங்கில இதழ் ஒன்றில் ஜப்பானியக் கவிஞர் நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது அது. அவருக்கு அன்று ஆங்கிலத்தைத் தவிர வேறு வாயில் இல்லை. இன்று தங்கள் அலுவலகத்தில் ஒரு ஜப்பானியப் பெயர் வந்தால், அதன் ஜப்பானிய எழுத்தை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்; ஒலிப்பதையும் கேட்டுவிடலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஜப்பானிய மொழி பயிலும் இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. இசைக் கலைஞர்கள், குழுக்கள், ஊர்கள், அரங்குகள் என்று இதுவரை நான் சரிபார்த்த பெயர்களின் பட்டியலை, எதிரே ஜப்பானிய எழுத்தோடும் தமிழ் வடிவத்தோடும், தங்கள் செய்திப்பிரிவுக்கு அனுப்பச் சித்தமாயிருக்கிறேன். அதற்கு எந்தக் கட்டணமும் வேண்டாம். தளத்தின் பெயரைப் போட வேண்டும் என்றும் கேட்கவில்லை. பட்டியலில் பிழை கண்டால் எனக்குத் தெரிவித்தால் போதும்.

கட்டுரைக்கு நேரே வெளியிடத்தக்க திருத்தத்தை, எங்கள் அச்சக வழக்கப்படி, கீழே தருகிறேன்.

“சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், 1998 மே 2 அன்று காலமான எக்ஸ் ஜப்பான் குழுவின் கிதார் கலைஞர் பெயர் ‘ஹைட்’ என வந்துள்ளதை ‘ஹிதே’ எனத் திருத்திப் படிக்கவும். லார்க்-ஆன்-சியேல் குழுவின் பாடகர் பெயரை ‘ஹைதோ’ எனத் திருத்திப் படிக்கவும். இருவரும் வெவ்வேறானவர், பின்னவர் இன்றும் பாடிவருகிறார்.”

அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கு ஆறு வரி இடம் கிடைத்தால், அந்த நாளையும் என் பக்கத்தின் அடியில் சேர்த்துவிட்டு, விழுப்புரத்து மாணவிக்கும் பதில் எழுதிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.